கை மாறி வந்த கொடிகள்

தலைநகர் தில்லியில் நம்மவர் குடியிருக்கும் காலனிகளுள் எதனுட் புகுந்தாலும், வாயிற்புறத்தில் ஒரு பூங்கொடியேனும் இல்லாத வரிசையைக் காண்பது அரிது. ஓரிடத்தில் இரங்கூன் மல்லி இரண்டாம் மாடிப் பால்கனி வரை ஏறி, மாலையில் வெண்மையாய் மலர்ந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகிப் பின் செம்மையாக மாறித் தொங்கும். மற்றோரிடத்தில் காகிதப்பூ மதில் முழுவதையும் போர்த்து நிற்கும். வேறோரிடத்தில், பழைய எண்ணெய் டின் ஒன்றில் மல்லிகை தன் போக்கில் தழைத்திருக்கும். இவற்றை நட்டவர் யார் என்று வினவினால், "எங்களுக்கு முன்னே குடியிருந்தவர்" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். அவருக்கு அக்கொடி எங்கிருந்து வந்தது என்று மேலும் வினவினால் விடை கூறுவார் இல்லை.

மன்னர் அமைத்த பூங்காக்களுக்கு வரலாறு உண்டு. ஆளுநர் மாளிகைத் தோட்டங்களுக்கும் உண்டு. எளிய வீட்டு வாயிற்கொடிக்கு மட்டும் வரலாறு இல்லையா? உண்டு. அஃது ஏட்டில் எழுதப்படாமல் கைக்குக் கை மாறி வந்த வரலாறு. அதனை இயன்ற அளவு தொகுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வித்தும் போத்தும்

செடிகொடிகள் பெருகும் வழி இரண்டு. வித்தினின்று முளைப்பது ஒன்று. தாய்ச் செடியின் உறுப்பினின்று தழைப்பது மற்றொன்று. முருங்கைப் போத்தை நட்டு மரமாக்குதலை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. கொடியின் தண்டை நறுக்கி நடுவதும் அம்முறையே. தண்டை வெட்டாமல் வளைத்து, அதன் கணுவை மண்ணில் புதைத்து, வேர் விட்டபின் பிரித்தெடுப்பதைப் பதியம் போடுதல் என்கிறோம்.

இவ்விரு வழிகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. வித்தினின்று வருவது சேய். தாயின் இயல்பு சிலவும் தந்தையின் இயல்பு சிலவும் அதன்பால் அமையும். போத்தினின்று வருவது சேய் அன்று. அதே செடியின் தொடர்ச்சி. நாம் தொட்டியில் வளர்க்கும் மல்லிகை, எந்தத் தாய்ச்செடியிலிருந்து வெட்டப்பட்டதோ அதே செடிதான். அதற்கு முன்னிருந்த செடியும் அதுவே. வயது கணக்கிடப் புகுந்தால், நேற்று வேர்விட்ட சிறு கொம்பின் உண்மையான வயது பல நூற்றாண்டாக இருத்தல் கூடும்.

மல்லிகைக்கு இஃது இன்றியமையாத வழியும் ஆகும். மல்லிகை காய்த்துப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? தோட்டத்து மல்லிகையில் வித்து உண்டாதல் மிக அரிது. அடுக்குமல்லியிலோ மகரந்தத் தாள்களே இதழ்களாக மாறிவிட்டன. அழகு மிகுந்தது, வித்து ஒழிந்தது. அத்தகைய செடியை மனிதன் நறுக்கி நடாவிடில் அது ஒரு தலைமுறையோடு முடிந்துபோகும். இன்று ஓர் அடுக்குமல்லி மலர்கின்றது என்றால், யாரோ ஒருவர் தம் அண்டை வீட்டாருக்கு ஒரு கொம்பை ஒடித்துக் கொடுத்தார் என்பதே பொருள். அந்தக் கொடுத்தல் இடையில் ஒருமுறை அற்றிருந்தாலும் இக்கொடி நம்மிடம் வந்திராது.

பண்டைத் தமிழர் மனைக்கொடி

தமிழர் கொடிகளை அறிந்த அறிவு பழமையானது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்கள் அடுக்கிக் கூறப்படுகின்றன. அவற்றுள் முல்லை, தளவம், மௌவல், கொகுடி, பித்திகம், குருக்கத்தி முதலியன இடம்பெறுகின்றன. இன்று பலரும் மல்லிகை என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிடும் இனத்தை, நம் முன்னோர் தனித்தனிப் பெயரிட்டு வேறுபடுத்தி அறிந்திருந்தனர்.

இவை காட்டுக்கொடிகளாக மட்டும் இருந்தன என்று கொள்ளுதற்கில்லை. வீட்டில் நின்ற நொச்சியோடு மௌவலின் வெண்மொட்டுகளையும் சேர்த்துப் பேசுகின்றது அகநானூறு. கொடிக்குப் பற்றுக்கோடு வேண்டும் என்பதை உணர்ந்து, அதனை வேலியோடும் மரத்தோடும் இயைத்து வளர்த்த மனைவாழ்க்கை அதில் தெரிகின்றது. பற்றுக்கோடின்றித் தளர்ந்த முல்லைக்குத் தேர் ஈந்த பாரியை யாவரும் அறிவர். கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட முல்லை இரகம் ஒன்றிற்குப் 'பாரிமுல்லை' என்றே பெயர் சூட்டியிருப்பது பொருத்தமானது.

வடபுலத்து நம் அண்டை வீட்டாரும் இக்கொடிகளை வேறு பெயர்களால் நன்கு அறிவர். நம் மல்லிகை அவர்தம் 'மோக்ரா'. நம் முல்லை அவர்தம் 'ஜூஹி'. நம் சாதிமல்லி, அதாவது பிச்சி, அவர்தம் 'சமேலி'. பெயர் மாறியதேயன்றிக் கொடி மாறவில்லை. மொழி அறியாத புதுக் குடித்தனக்காரி, அயல்வீட்டு மோக்ராவைக் கண்டு மகிழ்ந்து கைக்குறிப்பால் ஒரு கொம்பு கேட்டதும், அதிலிருந்து நட்பு தொடங்கியதும் நம் காலனிகளில் பல முறை நிகழ்ந்த செய்திகளே.

வராகமிகிரர் கூறிய முறை

போத்து நடும் முறையை நூலில் எழுதி வைத்த பழமையும் நம் நாட்டிற்கு உண்டு. கி.பி. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர், தம் பிருகத் சம்ஹிதையில் மரஞ்செடிகளைப் பேணும் முறைக்கென ஒரு தனி அத்தியாயம் வகுத்தார். பலா, அசோகு, வாழை, நாவல், மாதுளை, திராட்சை முதலியவற்றைத் தண்டின் வாயிலாக நடலாம் என்றும், அத்தண்டுக்குச் சாணம் பூச வேண்டும் என்றும் அதில் அவர் கூறுகின்றார். அப்பட்டியலின் முடிவில் 'அதிமுக்தகம்' என்னும் பூங்கொடியும் இடம்பெறுகின்றது. அது நம் குருக்கத்தியே, அதாவது மாதவிக்கொடியே என்பது அறிஞர் பலர் கொள்கை.

முருங்கைப் போத்தை நட்டு அதன் மேல்முனையில் சாணியை அப்பி வைக்கும் வழக்கத்தை நம் ஊர்களில் இன்றும் காணலாம். வெட்டுவாய் உலராமல் காப்பதே அதன் பயன். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் உச்சயினிப் புலவர் எழுதி வைத்ததும், எழுத்தறியாத நம் பாட்டியார் கைப்பழக்கமாகச் செய்ததும் ஒன்றாகவே இருக்கின்றன.

கோவாவிலிருந்து தஸ்கனிக்கு

நம் மல்லிகை கடல் கடந்து பெற்ற பெருமையும் சுவையானது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், இத்தாலி நாட்டுத் தஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ என்னும் பெருங்கோமான், கோவாவிலிருந்து அடுக்குமல்லியை வருவித்தான். அதனைக் காஸ்டெல்லோ மாளிகைத் தோட்டத்தில் பெருங்காவலுடன் வளர்த்தான். அதன் ஒரு கொம்பும் வெளியே செல்லக்கூடாது என்பது அவன் ஆணை. அவன் நினைவாகவே அவ்வகை மல்லிகைக்குத் 'தஸ்கனிப் பெருங்கோமான்' என்னும் பெயர் இன்றளவும் வழங்குகின்றது.

தஸ்கனி மக்கள் மல்லிகை பற்றி வழங்கும் கதையொன்றும் உண்டு. அரண்மனைத் தோட்டக்காரன் ஒருவன், தான் மணக்க விரும்பிய பெண்ணுக்கு அதன் சிறு கொம்பொன்றை இரகசியமாகக் கொடுத்தானாம். அவள் அதனைத் தலையில் சூடி எறிந்துவிடாமல் மண்ணில் நட்டாளாம். அது தழைக்க, அதிலிருந்து கன்றுகள் ஆக்கி விற்று, அப்பொருளால் இருவரும் மணந்து வாழ்ந்தனராம். கதையின் உண்மையை நாம் ஆராயப் புகவில்லை. அரசனின் ஆணையால் அடைத்து வைக்க முடியாத பொருள் ஒன்று உண்டு என்றால் அது மல்லிகைக் கொம்புதான் என்பதை மக்கள் உணர்ந்திருந்தனர், அதுவே போதும்.

கிழக்கேயும் மல்லிகை சென்றது. பிலிப்பைன் நாடு 1934இல் அதனைத் தன் தேசிய மலராக ஏற்றது. இந்தோனேசியாவும் பின்னாளில் அவ்வாறே போற்றியது. வித்தரிதான கொடி இத்துணைத் தொலைவு சென்றதெனின், எத்தனை கைகள் அதனை ஏந்தியிருத்தல் வேண்டும்!

காகிதப்பூ வந்த வழி

மல்லிகை நம்மிடமிருந்து சென்றது. காகிதப்பூவோ நம்மிடம் வந்தது. அதன் தாயகம் தென் அமெரிக்கா. 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றி வந்த பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் பூகன்வில் என்பாரின் கப்பலணியில், கொமர்சோன் என்னும் தாவர நூலார் இருந்தார். அவர் 1767இல் பிரேசிலின் ரியோ டி ஜனேரோவில் இக்கொடியைக் கண்டு, தலைவரின் பெயரையே அதற்கு இட்டார். அவருடைய உதவியாளராக ஆணுடையில் சென்றவர் ஷான் பாரே என்னும் பெண்மணி. உலகைச் சுற்றிவந்த முதற் பெண் என வரலாறு அவரையே குறிக்கின்றது. நாம் பூவென்று எண்ணும் வண்ண இதழ்கள் உண்மையில் பூவைச் சூழ்ந்த சிற்றிலைகளே. நடுவில் மெல்லிய குழல் போல் நிற்பதே பூ.

நெடுங்கடற் பயணத்தில் உயிர்ச்செடிகள் உப்புக் காற்றாலும் நன்னீர்க் குறையாலும் மடிந்துவிடும். அத்தடையை நீக்கியவர் இலண்டன் மருத்துவர் வார்டு என்பவர். மூடிய கண்ணாடிக் குப்பியினுள் ஒரு சிறு பெரணி தானே முளைத்து வாழ்வதை அவர் 1829ஆம் ஆண்டளவில் கண்டார். செடி விடும் நீராவி கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே திரும்புவதால், நீர் ஊற்றாமலே செடி வாழ்ந்தது. அக்கருத்தைக் கொண்டு கண்ணாடிப் பேழைகள் செய்து 1833இல் சிட்னிக்குச் செடிகளை அனுப்பினார்; அவை நலமே சென்று சேர்ந்தன. சீனத்துத் தேயிலைக் கன்றுகள் இமயமலைச் சாரலுக்கு வந்ததும் இத்தகைய பேழைகளிலேயே.

காகிதப்பூ இந்நாட்டில் கால்கொண்டது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கல்கத்தா வழியாக. 1820இல் வில்லியம் கேரி அங்கு நிறுவிய வேளாண் தோட்டக்கலைக் கழகம் இக்கொடியின் வளர்ச்சியில் பெரும்பங்கு கொண்டது. நாம் இன்று மிகுதியாகக் காணும் செந்நிற வகையின் பெயர் 'மிசஸ் பட்'. 1910ஆம் ஆண்டளவில் கொலம்பியா நாட்டின் கார்த்தகேனா நகரில், ஒரு தோட்டத்தில் இக்கொடியைக் கண்ட அப்பெயருடைய அம்மையார், ஒரு கொம்பை வாங்கித் திரினிதாத் தீவில் இருந்த தம் இல்லத்திற்குக் கொண்டு சென்றார். உலகெங்கும் மதில்களைச் செம்மையாக்கிய அக்கொடிகள் எல்லாம் ஓர் இல்லத்தரசியின் கையிலிருந்த அந்த ஒரு கொம்பின் வழிவந்தவை. அதுவும் எளிதில் வித்தாகாத வகையே.

அவ்வகைச் செடியொன்றில் கல்கத்தாவில் ஒரு விந்தை நிகழ்ந்தது. ஒரு கிளை மட்டும் இயல்பு திரிந்து, வெண்மையும் செந்நீலமும் கலந்து பூத்தது. அதற்கு 'மேரி பால்மர்' என்று பெயர். அக்கிளையை அன்று வெட்டி நட்டவர் இல்லையெனில், அவ்விரு நிற அழகு அச்செடியோடே மறைந்திருக்கும். தில்லி பூசாவில் உள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய பி.பி. பால் என்னும் பேரறிஞர், கோதுமை ஆராய்ச்சிக்கிடையே ரோஜாவையும் காகிதப்பூவையும் பேணிப் புதுவகைகள் கண்டார். இந்நாட்டுப் பூங்கொடிகளைப் பற்றி 1960இல் அழகிய நூலொன்றும் எழுதினார்.

வேர் விடும் விந்தை

வெட்டுண்ட கொம்பு வேர் விடுவது எப்படி? 1880இல் சார்லஸ் டார்வினும் அவர்தம் மகனும், முளையின் நுனியிலிருந்து ஏதோ ஒரு தூண்டுதல் கீழ்நோக்கிச் செல்வதைக் கண்டறிந்தனர். 1928இல் டச்சு நாட்டு வென்ட் என்பார் அத்தூண்டுதல் ஒரு பொருளே என்று மெய்ப்பித்தார். 'ஆக்சின்' எனப்படும் அவ்வளர்ச்சிப் பொருள் இளந்தளிரிலும் மொட்டிலும் உண்டாகிக் கீழே இறங்குகின்றது. கொம்பை வெட்டியதும் இறங்கும் வழி அறுபடுகின்றது. வெட்டுவாயருகே ஆக்சின் தேங்குகின்றது. அத்தேக்கமே அங்குள்ள நுண்ணறைகளை வேராக மாற்றுகின்றது. 1935இல் அமெரிக்க அறிஞர் இருவர், இன்டோல் பியூட்டிரிக் அமிலம் என்னும் பொருள் இவ்வேலையை விரைவுபடுத்துவதைக் கண்டனர். இன்று விதைக் கடைகளில் கிடைக்கும் வேரூக்கிப் பொடிகளில் பெரும்பாலும் இருப்பது அதுவே.

நம் இல்லத்தில் செய்யும் முறை

நூலறிவு இருந்தும் கைப்பழக்கம் இன்றி நாம் தோற்ற கதையையும் மறைக்காமல் கூறவேண்டும். முதல் ஆண்டு நட்ட காகிதப்பூக் கொம்புகள் இரண்டே வாரத்தில் துளிர்த்தன. பிழைத்துவிட்டன என்று மகிழ்ந்து வெயிலில் எடுத்து வைத்தோம். நான்கே நாளில் கருகின. தண்டில் சேர்ந்திருந்த உணவைக் கொண்டே இலை துளிர்த்துவிடும். வேர் பின்னரே வரும் என்பதை அன்று அறியோம். மறு ஆண்டு வேர் வந்ததா என்று நாள்தோறும் பிடுங்கிப் பார்த்தோம். அவ்வாறு பார்த்ததனாலேயே வேர் வரவில்லை. மூன்றாம் ஆண்டு சும்மா இருக்கக் கற்றோம். பத்துக் கொம்புகளில் ஆறு பிழைத்தன.

தில்லியில் மல்லிகைக்கு ஏற்ற காலம் மழை தொடங்கும் ஜூலை, ஆகஸ்டு மாதங்கள். பூத்து ஓய்ந்த கொடியில், இளம்பச்சையும் இன்றி முற்றிய மரமும் ஆகாத தண்டைத் தேர்க. ஒரு சாண் நீளத்தில் மூன்று நான்கு கணுக்கள் இருத்தல் வேண்டும். அடிக்கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் சாய்வாக வெட்டி, மேலே இரண்டு இலைகளை மட்டும் விட்டுக் கீழிலைகளை நீக்குக. காகிதப்பூவாயின் பென்சில் பருமனுள்ள முற்றிய தண்டு நன்று. மழைக்காலமே அன்றிப் பனி நீங்கும் பிப்ரவரியிலும் அதனை நடலாம்.

மண்ணில் நீர் தேங்கலாகாது. கட்டிட வேலைக்கு வரும் பருமணலைத் தில்லியில் 'பதர்பூர்' என்பர். அதனைக் கழுவி, சம அளவு மக்கிய இலையுரம் கலந்தால் போதும். இரண்டு கணுக்கள் மண்ணுள் இருக்குமாறு நட்டு, சுற்றிலும் அழுத்தி, நீர் தெளித்து, வெளிச்சமுள்ள நிழலில் வைக்கவேண்டும். தலைகீழாக நட்டால் வேர் வராது. மேலே ஒரு கண்ணாடிப் புட்டியையோ தெளிந்த பாலித்தீன் பையையோ கவிழ்த்தால், அது நாம் முன்னே கூறிய வார்டின் பேழையே ஆகும். ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்திருக்க வேண்டும். மெல்ல இழுத்தால் கொம்பு இடங்கொடாமல் பிடித்து நிற்குமாயின் வேர் வந்தது என்று கொள்க. அதன்பின் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்குக. முதற் குளிர்காலத்தில் இரவுப் பனி படாமல் காப்பது இங்கு மிக முக்கியம்.

கொடுத்தால் நிலைக்கும்

நம் காலனியில் ஒரு மூதாட்டியார் இருந்தார். மதுரைப் பக்கத்து ஊரினர். மணமாகித் தில்லிக்கு வந்தபோது, தாய்வீட்டு மல்லிகைக் கொம்புகளை ஈரச் சாக்கில் சுற்றி, வாழைமட்டையில் பொதிந்து, கிராண்டு டிரங்கு எக்ஸ்பிரசில் இரண்டு இரவு மடியில் வைத்துக்கொண்டு வந்தவர். கேட்டவர்க்கெல்லாம் கொம்பு கொடுத்தார். "பூவை வேணுமானால் விற்கலாம்; கொம்பை விற்கக்கூடாது" என்பது அவர் வாக்கு. பல ஆண்டுகள் கழித்து ஊரில் அவர்தம் தாய்வீடு கைமாறியது. தோட்டமும் கிணறும் மண் மூடின. அப்போது அவர் தம்பி மகன் தில்லிக்கு வந்து, அத்தை கொண்டு வந்த கொடியிலிருந்தே கொம்பு வெட்டி ஊருக்கு எடுத்துச் சென்றான். அது அங்கே இப்போது பூக்கின்றது. மூதாட்டியார் இல்லை.

இக்கதையை இங்கே கூறுதற்குக் காரணம் உண்டு. அரசுக் குடியிருப்பில் வாழ்வோர் ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்தல் வேண்டும். மேசை நாற்காலிகள் லாரியில் ஏறும். முப்பது ஆண்டு வளர்த்த கொடி ஏறாது. மேலும், சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட 2016இல் முடிவாயிற்று. 2018இல் அங்கு வெட்டப்படவிருந்த மரங்களுக்காகத் தில்லி மக்கள் குரல் எழுப்பினர், வழக்கும் நடந்தது. மிக நன்று. ஆயினும் அவ்வீட்டு வாயில்களில் நின்ற கொடிகளுக்காக எவரும் பேசியதாக நாம் கேட்டதில்லை. அவற்றுள் நம் ஊர்களிலிருந்து மடியில் வந்தவை எத்தனையோ!

சுவரோடு போகும் கொடியைக் காக்க வழக்கு வேண்டா. ஒரு கத்தியும் ஒரு பிடி மணலும் போதும். ஆதலின் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் மழைக்காலத்தில் ஒவ்வொரு குடும்பமும் தம் வீட்டுக் கொடியிலிருந்து இரண்டு கொம்புகளை வேர் விடச் செய்க. ஒன்று தமக்கு, மற்றொன்றை அடுத்த ஆண்டு விழாவிற்குக் கொண்டுவந்து, அக்கொடி இல்லாத குடும்பத்திற்கு அளிக்க. அதனோடு ஒரு சிறு சீட்டில், அக்கொடி எவ்வூரிலிருந்து, யார் கையால் வந்தது என்பதையும் எழுதித் தருக. "முன்னே குடியிருந்தவர் நட்டது" என்று மட்டும் நம் பிள்ளைகள் சொல்லும் நிலை இனி வரவேண்டா.